சக்கரத்தில் ஒரு சிறிய பூச்சாடி: மண் பிசைவது முதல் சூளை வரை

பூச்சாடி செய்யும் ஆசையில் சக்கரத்தின் முன் உட்காருபவர்கள் முதலில் யோசிப்பது அதன் உருண்ட வயிற்றையும் ஒடுங்கிய கழுத்தையும்தான். அவை இரண்டும் கடைசிச் சில நிமிட வேலை. அதற்கு முன்னால் நேரான ஓர் உருளை எழுந்து நிற்க வேண்டும். அந்த உருளையின் மேல் பக்கத்தில், பின்னால் கழுத்தாக மாறப்போகிற மண் கொஞ்சம் தடிப்பாக மிச்சம் இருக்க வேண்டும். கிண்ணம் நன்றாகச் செய்பவர்கள்கூடப் பூச்சாடியில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வாய் வரைக்கும் அழகாக, மெலிதாக இழுத்துவிடுவார்கள். அப்புறம் கழுத்தைக் குறுக்கும்போது மண் அலை அலையாக மடிந்து, முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும்.

இங்கே செய்யப்போகிற சாடி, சக்கரத்தில் ஈரமாக இருக்கும்போது சுமார் 15 சென்டிமீட்டர் உயரம். வயிறு 10 சென்டிமீட்டர், கழுத்து 4. காய்ந்து, சுட்டு முடியும்போது மண் மொத்தமாக 10 முதல் 12 சதவீதம் சுருங்கும் என்பதால் கைக்கு வருவது 13 சென்டிமீட்டர் சாடி. மூன்று நான்கு சம்பங்கித் தண்டு வைக்கலாம். மின்சாரச் சக்கரம் ஒன்று பயன்படுத்தக் கிடைக்கிறது, சுட்டுக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மண்

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஏரி, கண்மாய் மண்ணில் மணல் கலந்து செய்யும் நம் ஊர் மண்பாண்ட மண். இது 800, 900 டிகிரியில் சுட்டாலே போதும், சிவப்பாக வரும். ஆனால் சுட்ட பிறகும் நுண்துளைகள் திறந்தே இருக்கும். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகித்தான் குளிர்கிறது. பானையில் அது வரம், பூச்சாடியில் மேசைக்குக் கேடு. இன்னொன்று ஸ்டோன்வேர் மண். 1200 டிகிரிக்கு மேல் சுடும்போது உடல் இறுகிக் கிட்டத்தட்ட நீர் புகாததாகிவிடும். புதுச்சேரியில் மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியிலிருந்து பரவிய வழி இது. அங்கே கற்றவர்கள் புதுச்சேரி, ஆரோவில் என்று தொடங்கிப் பல ஊர்களில் பட்டறை வைத்திருக்கிறார்கள். வகுப்பு நடத்தும் பட்டறைகளில் பெரும்பாலும் இந்த மண்தான் கிடைக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் பட்டறை மண்ணையே வாங்குவது நல்லது. ஏரி மண்ணைக் கரைத்து, வடிகட்டி, தெளியவைத்து, மணல் விகிதம் பார்த்துப் பதப்படுத்துவது தனி வேலை. அதையும் சக்கரத்தையும் ஒரே நேரத்தில் கற்க முயன்றால், தவறு மண்ணிலா கையிலா என்றே தெரியாது.

எந்த மண் ஆனாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு துண்டைப் பென்சில் கனத்துக்கு உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் சக்கரத்துக்கு ஆகும். வளைவில் கீறல் விழுந்தால் மண் காய்ந்திருக்கிறது, அல்லது அதில் வழவழப்பு போதவில்லை.

சாடிக்கு 700 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கை பழகியவர்கள் 500 கிராமிலேயே இந்த உயரத்தை எடுத்துவிடுவார்கள். அளந்து எடுக்கும் பழக்கம் முக்கியம். ஒவ்வொரு முறையும் அதே எடையில் தொடங்கினால்தான் உயரம் கூடுகிறதா, சுவர் மெலிகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். நான்கைந்து உருண்டைகளை ஒன்றாகத் தயாரித்து பிளாஸ்டிக் பையில் மூடி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஓர் உருண்டையோடு உட்காருபவர் அதைக் காப்பாற்றவே பார்ப்பார், கை தைரியமாக வேலை செய்யாது.

பிசைவது

ஊர்ப்புறக் குயவர்கள் மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். 700 கிராமுக்குக் கை போதும். மண் ஒட்டாத பரப்பு வேண்டும்: துணி விரித்த மரப்பலகை, அல்லது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகை. கிரானைட் மேடையில் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளங்கையின் அடிப்பகுதியால் மண்ணை முன்னும் கீழுமாக அழுத்துங்கள், கால் சுற்று பின்னோக்கி உருட்டுங்கள், மறுபடி அழுத்துங்கள். மண்ணை மடிக்கக் கூடாது. மடித்தால் காற்று உள்ளே மாட்டும். தோளும் உடல் எடையும் அழுத்த வேண்டும், மணிக்கட்டு இல்லை. ஐம்பது அறுபது அழுத்தலுக்குப் பிறகு வயரால் நடுவில் அறுத்துப் பாருங்கள். வெட்டுமுகம் ஒரே நிறத்தில், ஓட்டை இல்லாமல் இருந்தால் சரி. பதம், சப்பாத்தி மாவைவிட ஒரு சுற்று இறுக்கமாக இருக்கட்டும். ரொம்ப இளகிய மண் நடுவில் நிறுத்த எளிது, ஆனால் சாடியின் தோளை, அதாவது வயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள சரிவை, வளைக்கும்போது உட்கார்ந்துவிடும். பூச்சாடிக்கு இறுகிய பக்கம் சாய்வதே மேல்.

காற்றுக் குமிழ் இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று வகுப்பில் பலரும் பயமுறுத்துவார்கள். சூளையில் பாண்டத்தை வெடிக்க வைப்பது மண்ணுக்குள் தங்கிய ஈரம், அது நீராவியாக மாறும் வேகம். குமிழ் செய்யும் கெடுதல் வேறு: சுவர் இழுக்கும்போது விரலை ஒரு பக்கமாகத் தள்ளிச் சாடியைக் கோணலாக்கிவிடும். வழியில் குமிழ் தென்பட்டால் ஊசியால் குத்திக் காற்றை விட்டுவிட்டுத் தடவிவிடுங்கள்.

சக்கரமும் கையருகே இருக்க வேண்டியவையும்

ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், ஸ்பாஞ்ச், குச்சியின் நுனியில் கட்டிய சின்ன ஸ்பாஞ்ச், அறுக்கும் வயர், ஊசி, மரக்கத்தி, வளைந்த விளிம்புள்ள ஒரு மரத் தகடு அல்லது ரப்பர்த் தகடு, விளிம்பு தடவ ஒரு மெல்லிய தோல் துண்டு. தோல் கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிய பட்டை நன்றாகவே வேலை செய்யும். நகத்தை வெட்டிவிடுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். மின்சாரச் சக்கரங்களில் வலக்கைக்காரர்களுக்கு இடஞ்சுழியாக, அதாவது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் வைப்பது வழக்கம். நம் ஊரில் கோல் செருகிச் சுழற்றும் பெரிய சக்கரம் வலஞ்சுழியாகவும் ஓடலாம். கீழே நான் சொல்லும் வலது, இடது எல்லாம் இடஞ்சுழிச் சக்கரத்துக்கு. உங்களுடையது மறுபக்கம் சுற்றினால் கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

சக்கரத்தின் தட்டின் மேல் தனியாக ஒரு வட்டப் பலகை பொருத்திக்கொள்வது நல்லது. சாடியைப் பலகையோடு தூக்கி வைத்துவிடலாம், ஈரச் சாடியைக் கையால் தொட வேண்டாம். பலகை பொருத்த முளைகள் இல்லாவிட்டால் தட்டில் கொஞ்சம் மண்ணை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, விரலால் வட்ட வட்டமாகப் பள்ளம் இழுத்து, பலகையை லேசாக நனைத்து அழுத்தி ஒட்டுங்கள்.

நடுவில் நிறுத்துவது

மண் சக்கரத்தின் நடுவில் ஆட்டமில்லாமல் சுழலும்படி செய்வதை வகுப்புகளில் சென்டரிங் என்பார்கள். இது வராமல் மேற்கொண்டு எதுவும் வராது. இது பலத்தால் நடக்கும் வேலை என்று நினைத்துத்தான் பலர் தோள்வலியோடு வீடு திரும்புகிறார்கள். கை அசையாமல் இருந்தால் மண் தானாக அந்தக் கைக்கு ஒத்துப்போகும். அதனால் எல்லாக் கவனமும் கையை அசையாமல் வைப்பதில் இருக்கட்டும்.

பலகை ஈரம் பூத்தாற்போல் இருந்தால் போதும், நீர் தேங்கக் கூடாது. உருண்டையை நடுவில் அறைந்து போடுங்கள். சக்கரம் ஓடத் தொடங்கும் முன் அடி விளிம்பைப் பலகையோடு விரலால் அழுத்தி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து மண் வழுக்கிப் பறக்கும். உட்காரும் உயரம் சக்கரத் தட்டின் உயரத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இடது முழங்கையைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றுங்கள். வலது முன்கை சக்கரத் தொட்டியின் விளிம்பில் அல்லது வலது தொடையில் தங்கட்டும்.

வேகம் அதிகம் வையுங்கள், நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு அருகில். மண்ணை நனைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அடியிலிருந்து அழுத்திக்கொண்டே மேலே வாருங்கள், மண் கூம்பாக எழும். பிறகு வலது உள்ளங்கையை உச்சியில் வைத்துச் சற்று முன்னோக்கிச் சாய்த்துக் கீழே தள்ளுங்கள். இடது கை பக்கத்தில் தடுப்பாக நிற்கட்டும். இப்படி ஏற்றி இறக்குவதை இரண்டு அல்லது மூன்று முறை செய்தால் மண்ணுக்குள் இருக்கும் கட்டிகள் ஒழுங்காகும். ஏற்றும்போது உச்சியில் குழி விழாமல் பாருங்கள். குழியில் தண்ணீரும் சேறும் மாட்டினால் பின்னால் அடியில் வெடிப்பாக வெளிவரும்.

கடைசியில் இடது கை பக்கத்தை உள்ளே அழுத்த, வலது கையின் ஓரம் தலையைத் தட்டையாக்கும். இரண்டு கையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கட்டும். மண்ணிலிருந்து கையை எடுக்கும்போது மெதுவாக எடுங்கள். சட்டென்று எடுத்தால் அந்த நொடியிலேயே மண் கோணும். இது இந்தக் கட்டத்துக்கு மட்டுமில்லை, கடைசி வரைக்கும்.

நின்றுவிட்டதா என்று பார்க்க விரல் நுனியை லேசாகப் பக்கத்தில் வையுங்கள். விரல் துடிக்காவிட்டால் நின்றுவிட்டது. கொஞ்சம் துடிக்கிறது, பரவாயில்லை என்று மேலே போகாதீர்கள். அடியில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் வாய்க்கு வரும்போது பல மடங்காகிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. பரம்பரைக் குயவர்கள் பெரிய குவியல் மண்ணைச் சக்கரத்தில் வைத்து, அதன் உச்சியை மட்டும் நடுவில் நிறுத்தி ஒரு கலம் செய்து, நூலால் அறுத்து எடுத்து, அடுத்ததை அதே குவியலில் தொடங்குவார்கள். அகல் விளக்குக்கும் சின்னக் கலங்களுக்கும் அபாரமான முறை. ஆனால் அடியின் கனம் எங்கே முடிகிறது என்பதைக் கை மட்டுமே சொல்லும். முதல் பூச்சாடிக்குத் தனி உருண்டையே வசதி.

குழியும் அடியும்

வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். நடுவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டைவிரலையோ இரண்டு நடுவிரல்களையோ நேராகக் கீழே இறக்குங்கள். அடியில் 1 சென்டிமீட்டர் மண் மிஞ்ச வேண்டும், ஏனென்றால் பின்னால் அடியைச் செதுக்கி ஒரு வளையக் கால் எடுக்கப் போகிறோம். செதுக்க வேண்டாம், தட்டையான அடி போதும் என்றால் 6 மில்லிமீட்டர். சந்தேகமாக இருந்தால் சக்கரத்தை நிறுத்தி ஊசியைக் குத்தி, விரல் நகத்தால் அளவு பிடித்துப் பாருங்கள். அந்த ஓட்டை பின்னால் தானே மூடிக்கொள்ளும்.

இனி விரலை உங்கள் பக்கமாக இழுத்து உள்தரையை 5, 6 சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறங்கள். பூச்சாடிக்கு இதற்கு மேல் வேண்டாம். தரை அகலமானால் சுவருக்கு மண் போதாது.

திறந்ததும் தரையை நடுவிலிருந்து ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து நடுவுக்கும் விரலாலோ ஸ்பாஞ்சாலோ மூன்று நான்கு முறை அழுத்தித் தேயுங்கள். சும்மா வழவழப்பாக்குவதற்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. அடி மண் அழுந்தாமல் விட்டால், காயும்போது அடியின் நடுவில் ஆங்கில எஸ் எழுத்தின் வளைவில் ஒரு வெடிப்பு வரும். வந்தபின் சரிசெய்ய முடியாது. ஒரு நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

சுவர்

வேகம் நிமிடத்துக்கு 100 சுற்று அளவுக்கு வரட்டும். இடது கை உள்ளே, வலது கை வெளியே, வேலை நடக்கும் இடம் சாடியின் வலது பக்கம், கடிகாரத்தில் 3 முதல் 4 மணி இருக்கும் இடம். இடது கட்டைவிரல் வலது கையின் மேல் தொட்டபடி இருக்கட்டும். இரண்டு கையும் ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்தால் நடுக்கம் பாதியாகிவிடும்.

வெளிக்கையின் வளைத்த ஆள்காட்டி விரலின் பக்கத்தைப் பலகை மட்டத்தில் உள்ளே அழுத்துங்கள். உள்விரல் நுனி அதைவிட ஒரு நூல் மேலே எதிர்ப்பாக நிற்கட்டும். விரலுக்கு மேலே ஒரு மண் வளையம் உப்பி எழும். அந்த வளையத்தை மேலே கொண்டுபோவதுதான் இழுப்பு. கை ஏறும் வேகம் சக்கரத்தின் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும்: ஒரு முழுச் சுற்றுக்கு அரை விரல் அகலம் ஏறினால் போதும். அதைவிட வேகமாக ஏறினால் சுவரில் திருகு மரை விழும், சில இடம் தடிப்பு, சில இடம் மெல்லிசு என்றாகிவிடும்.

மேலே வரவர அழுத்தத்தைக் குறையுங்கள். விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே வந்ததும் கிட்டத்தட்ட அழுத்தாமல் தடவிவிட்டு வெளியேறுங்கள். முதலில் சொன்ன கழுத்து மண் இதுதான். சுவர் 5 மில்லிமீட்டர் என்றால் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் 7, 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். இது பார்க்க அழகாக இருக்காது. பார்ப்பவர் யாராவது விளிம்பு தடியாக இருக்கிறதே என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு அப்படியே விடுங்கள்.

ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு விளிம்பை இரண்டு விரலால் பக்கவாட்டில் தாங்கிப் பிடித்து, மேலே இன்னொரு விரலால் லேசாக அழுத்துங்கள். இல்லாவிட்டால் விளிம்பில் சிறு கீறல்கள் தொடங்கும். சக்கரம் எப்போதும் மண்ணை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், எதுவும் செய்யாமல் விட்டாலே உருளை கிண்ணமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு இழுப்பையும் வாய் சற்று உள்வாங்கிய கூம்பாக முடியுங்கள். விரிப்பது எப்போதும் எளிது, குறுக்குவதுதான் கஷ்டம்.

மூன்று இழுப்பு, அதிகம் போனால் நான்கு. 14, 15 சென்டிமீட்டர் வரவில்லை என்றால் வந்த உயரத்தில் நிறுத்திக்கொண்டு குட்டையான சாடி செய்யுங்கள். ஐந்தாவது, ஆறாவது முறை தண்ணீர் தொட்டு இழுப்பதால் உயரம் வருவதைவிடச் சுவர் ஊறிப்போவதே அதிகம். தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். விரல் வழுக்கும் அளவு போதும். வாளியில் சேரும் குழம்பான சேற்றைத் தொட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, அது மண்ணுக்குள் இறங்காமலேயே வழுக்கும். உள்தரையில் தேங்கிய தண்ணீரை ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ஒற்றி எடுத்துவிடுங்கள்.

விளிம்பு மேடு பள்ளமாக இருந்தால் ஊசியை வெளியிலிருந்து மெதுவாக உள்ளே செலுத்தி, உள்ளே விரல் வைத்து, சுற்று முழுவதும் அறுபட்டதும் வளையத்தைத் தூக்கி எறியுங்கள். தடிப்பாக விட்ட மண்ணில் கொஞ்சம் போகும். அதனால்தான் ஒன்றரை சென்டிமீட்டர் சொன்னது.

இந்த இடத்தில் ஒரு பயிற்சி சொல்ல வேண்டும். முதல் சில உருளைகளைப் பூச்சாடியாக்காதீர்கள். வயரை நேராகப் பிடித்து மேலிருந்து கீழே இரண்டாக அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். அடியில் முக்கோணமாக மண் தேங்கி, நடுவில் மெலிந்து இருக்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான். இழுப்பைப் பலகை மட்டத்திலிருந்து தொடங்காமல் கொஞ்சம் மேலே தொடங்கினால் வருவது அது. எத்தனை வீடியோ பார்த்தாலும் கிடைக்காத தகவல் அந்த வெட்டுமுகத்தில் இருக்கும்.

வயிறு

கை உள்ளே போகும்போதே வயிற்றை முடித்துவிட வேண்டும். கழுத்தைக் குறுக்கியபின் உள்ளே ஒரு விரல்தான் போகும். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் குச்சி ஸ்பாஞ்சால் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதையும் எடுங்கள். வேகத்தை இன்னும் குறையுங்கள். வெளியே மரத்தகட்டைச் சுவரோடு நிறுத்தி, உள்விரல்களால் சுவரை அந்தத் தகட்டின் மேல் தள்ளுங்கள். கீழிருந்து தொடங்கி மெல்ல விரித்து, நடுவுக்குச் சற்று மேலே அதிகபட்ச அகலம் வந்து, மேலே போகும்போது அழுத்தத்தை விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் 10 சென்டிமீட்டருக்குப் போகாமல் இரண்டு மூன்று தடவையாகப் போங்கள். தகடு வெளிப்பக்கச் சேற்றையும் வழித்துவிடும், அதனால் சுவருக்குக் கொஞ்சம் உறுதி வரும்.

வயிறு எங்கே உருள வேண்டும் என்பது அவரவர் ரசனை. என்னைக் கேட்டால் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே இருப்பதுதான் நன்றாக இருக்கும், சாடி நிமிர்ந்து நிற்பது தெரியும். கீழே உருட்டினால் சாடி தரையில் குந்தியிருக்கும், ஆனால் எளிதில் சாயாது. நீளமான தண்டு வைப்பதென்றால் அதையும் யோசியுங்கள். தோள் மட்டும் ரொம்பத் தட்டையாக வேண்டாம். ஈர மண்ணுக்கு 45 டிகிரிக்கு மேல் படுத்த தோள் தாங்காது, கழுத்தின் எடையில் உள்ளே இறங்கிவிடும்.

கழுத்து

இப்போது வேகத்தைக் கூட்டுங்கள், சுவர் இழுத்ததைவிட அதிகமாக. மெதுவாக ஓடும் சக்கரத்தில் கழுத்தைக் குறுக்கினால் முறுக்கு விழும். வெளிப்பக்கத்தை நன்றாக நனையுங்கள். தண்ணீரில் கஞ்சத்தனம் வேண்டியதில்லாத ஒரே இடம் இது. காய்ந்த விரல் பிடித்து இழுத்துவிடும்.

இரண்டு கட்டைவிரலும் உங்கள் பக்கம், இரண்டு ஆள்காட்டி விரலும் இரண்டு நடுவிரலும் பக்கங்களிலும் பின்புறமும். ஆறு இடத்தில் ஒரே அழுத்தம். தோளின் மேலிருந்து தொடங்கி, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே மேலே வாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் போதும். குறுக்கும்போது மண் எங்கும் போவதில்லை: கழுத்துச் சுவர் தடிக்கும், கொஞ்சம் உயரும். ஆகவே ஒவ்வொரு குறுக்கலுக்குப் பிறகும் உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து ஒரு சிறிய இழுப்பு இழுத்து அந்தத் தடிப்பை உயரமாக மாற்றுங்கள். குறுக்கு, இழு, குறுக்கு, இழு. 4 சென்டிமீட்டர் வரும் வரை.

சாய்வாக மெல்லிய கோடுகள் தோளில் தெரிந்தால் முறுக்கு தொடங்கிவிட்டது. உடனே கையை மெதுவாக எடுத்து, நனைத்து, வேகத்தைக் கூட்டி, அடுத்த தடவை பாதி அழுத்தம் கொடுங்கள். கோடுகள் மடிப்பாக ஆகிவிட்டால் அங்கேயே ஊசியால் அறுத்து அகலக் கழுத்துச் சாடியாக்குங்கள். வற்புறுத்தி முடித்தாலும் காயும்போது மடிப்பில் வெடிக்கும்.

வாயை முடிக்கும்போது, வெளியே லேசாகச் சாய்க்க வேண்டுமானால் உள்ளே ஒரு விரலை வைத்து ஒரு தடவை சாய்த்தால் போதும். கடைசியாகத் தோல் துண்டை நனைத்து விளிம்பின் மேல் மடித்துப் பிடித்து இரண்டு சுற்று விடுங்கள். கூரான விளிம்பு சுட்டபின் எளிதில் சில்லு தெறிக்கும், உருண்டையாக முடியுங்கள்.

உருண்டையை அறைந்ததிலிருந்து இதுவரை பதினைந்து, இருபது நிமிடத்துக்குள் முடிவது நல்லது. மண் ஊறினால் களைத்துவிடும், அப்புறம் என்ன செய்தாலும் நிற்காது.

அறுப்பதும் காத்திருப்பதும்

மரக்கத்தியால் அடியில் தேங்கிய மண்ணைச் சாய்வாக வெட்டி எடுங்கள். வயரை இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடித்து, பலகையோடு ஒட்டி, சக்கரம் மிக மெதுவாக ஓடும்போது ஒரே இழுப்பில் அறுங்கள். வயர் தளர்ந்தால் மேலே ஏறி அடியைக் குழித்துவிடும். பலகையோடு தூக்கி நிழலில் வையுங்கள்.

இனி மண் தோல் பதத்துக்கு வர வேண்டும். அழுத்தினால் வளையாது, நகத்தால் கீறினால் கோடு விழும், கைக்குச் சில்லென்று இருக்கும். கோடையில் சில மணி நேரத்திலேயே வந்துவிடும், ஐப்பசி மழையில் இரண்டு நாள்கூட ஆகும். மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள், ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணும். மெல்லிய கழுத்து முதலில் காய்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் ஒரு துண்டு பிளாஸ்டிக்கால் மூடுங்கள்.

நம் ஊர்ப் பானைக்கு இந்தக் கட்டத்தில் நடப்பது வேறு. சக்கரத்தில் வாயும் கழுத்தும் எடுத்து, தடித்த சுவரோடு, சில சமயம் அடியே இல்லாமல் அறுத்து எடுத்து, இதே பதத்தில் உள்ளே கல்லை வைத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரித்து அடியை மூடுவார்கள். மானாமதுரைக் கடமும் இப்படித் தட்டிப் பதப்படுத்தியதுதான். நாம் தட்டப்போவதில்லை, செதுக்கப்போகிறோம்.

அடியைச் செதுக்குவது

கழுத்துள்ள சாடியைத் தலைகீழாக நேரடியாகச் சக்கரத்தில் நிறுத்த முடியாது. ஒரு தாங்கி வேண்டும். வாய் அகலமான தடித்த மண் உருளை ஒன்றை அதே நாளில் செய்து, சாடியோடு தோல் பதத்துக்குக் காயவிடுங்கள். அதைச் சக்கரத்தில் நடுவாக ஒட்டி, கழுத்து உள்ளே போய்த் தோள் அதன் விளிம்பில் உட்காரும்படி சாடியைக் கவிழ்த்து வையுங்கள். விளிம்பை லேசாக நனைத்தால் வழுக்காது.

சக்கரத்தை மெதுவாக ஓட்டி, அடியின் ஓரத்தில் ஊசியால் ஒரு கோடு தொடுங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளுங்கள். சுற்று முழுவதும் விழுந்தால் நடுவில் இருக்கிறது. நுனியில் வளைத்த கம்பி உள்ள செதுக்கும் கருவியால் முதலில் அடியின் வெளிச்சுவரைச் செதுக்கிக் கீழ்ப்பகுதியின் கனத்தைக் குறையுங்கள். அப்புறம் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் வளையம் விட்டு நடுவை 3, 4 மில்லிமீட்டர் தோண்டுங்கள். அவ்வப்போது நடுவில் விரலால் தட்டிப் பாருங்கள். விரலுக்குக் கீழே மண் அசைந்து கொடுத்தால் போதும், நிறுத்துங்கள். சீவல்கள் நீளமாகச் சுருண்டு வந்தால் பதம் சரி. தூளாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, கருவியில் ஒட்டினால் இன்னும் ஈரம்.

உலர்த்தி, சுடுவது

பிளாஸ்டிக்கால் தளர்வாக மூடி, ஒரு வாரம் முதல் பத்து நாள் மெதுவாகக் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க அடியைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

சூளை வேலை பெரும்பாலும் பட்டறைக்காரர் கையில்தான் இருக்கும், ஆனாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் சூடு 950 முதல் 1000 டிகிரி. 100 டிகிரி வரைக்கும் மிக மெதுவாக ஏற்றி, சில மணி நேரம் அங்கேயே நிறுத்துவார்கள். வெடிப்பதெல்லாம் இங்கே அவசரப்படுவதால்தான். 350 முதல் 600 டிகிரிக்குள் மண்ணோடு வேதியியலாகப் பிணைந்த நீர் வெளியேறும். அதற்கு மேல் சாடி தண்ணீரில் கரையாது, மண் மண்ணாகத் திரும்பாது. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். சூளை 100 டிகிரிக்குக் கீழே ஆறும் முன் திறக்கச் சொல்லி நச்சரிக்காதீர்கள்.

பிறகு கிளேஸ் பூச்சு, சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் குழம்பு. ஈரத் துணியால் தூசி துடைத்துவிட்டு, முதலில் உள்ளே: சாடியில் பாதிக்குக் கிளேஸ் ஊற்றி, சுழற்றி எல்லாப் பக்கமும் படவிட்டு, சில நொடிகளில் கொட்டிவிடுங்கள். கழுத்து குறுகலாக இருப்பதால் தூரிகை உள்ளே எட்டாது, இதுதான் வழி. வெளியே தோய்க்கலாம், பூசாமலும் விடலாம். அடி வளையத்திலும் அதற்கு மேல் 3 மில்லிமீட்டரிலும் கிளேஸ் துளிகூட இருக்கக் கூடாது, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோன்வேர் மண்ணுக்கு இரண்டாவது சூடு 1220 முதல் 1250 டிகிரி, மண்ணையும் கிளேஸையும் பொறுத்து.

வேலை முடிந்த இடத்தை ஈர ஸ்பாஞ்சால் துடையுங்கள், பெருக்காதீர்கள். காய்ந்த மண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. கை கழுவிய தண்ணீரை வாளியில் தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் கொட்டுங்கள், இல்லாவிட்டால் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். சீவல்களும் உட்கார்ந்துபோன சாடிகளும் வீண் இல்லை. முழுக்கக் காயவிட்டு, உடைத்து, தண்ணீரில் போட்டால் தானே கரையும். பாதி ஈரமாக ஊறப்போட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும். கரைந்த சேற்றைப் பிளாஸ்டர் பலகையில் பரப்பி இறுகியதும் மறுபடி பிசைந்துகொள்ளலாம்.

சூளையிலிருந்து வந்த சாடியில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். தாள் காய்ந்திருந்தால் சம்பங்கி வாங்கி வரலாம். அடியில் ஈர வட்டம் இருந்தால் மண் இறுகும் அளவுக்குச் சூடு போகவில்லை, அல்லது உள்ளே கிளேஸ் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பட்டறையில் சொல்லி இன்னொரு முறை சுடக் கேட்கலாம். அது முடியாவிட்டால் கழுத்துக்குள் நுழையும் ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாயை உள்ளே இறக்கி, தண்ணீரை அதில் ஊற்றிப் பூவை வையுங்கள்.